கைக்கு வரும்வரை

வார்டில் அவளுக்கு வைத்த பெயர் வெடி. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் வெடியக்கா. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கண்டுகொண்டதில்லை. அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வந்துவிடாமல்தான் இத்தனை வருஷமாக வேலை பார்த்து வந்தாள்.

நெஞ்சுவலி என்றும் மயக்கம் என்றும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை முதலில் இறக்கி வைக்கும் அறை, நர்ஸான அவளுடைய பொறுப்பில் இருந்தது. நான்கு கட்டில், நடுவில் பச்சைத் திரைச்சீலை, சக்கரம் வைத்த மேஜையில் ஒரு மிஷின். அந்த மிஷினை அவளைத் தவிர வேறு யாரும் துடைக்கக்கூடாது. வயரை யாராவது கண்டபடி சுருட்டி வைத்திருந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

மிஷின் எதற்கு என்றால், சில பேருக்கு இதயம் நின்றும் போகாது, ஒழுங்காக ஓடவும் செய்யாது. அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து அடிக்கும். இதயத்தின் மேலறை கொடுக்கும் உத்தரவு கீழறைக்குப் போய்ச் சேராது, நடுவில் வயர் அறுந்த மாதிரி. அப்படி வருகிறவர்களுக்கு மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று என்று உள்ளங்கையைவிடப் பெரிய இரண்டு பட்டைகளை ஒட்டி, தோல் வழியாகவே கரண்டைத் தட்டித் தட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இதயத் தசை ஒருமுறை சுருங்கிக் கொடுத்தால் ஆள் பிழைப்பான். அந்தத் தசை ஒரு விசித்திரப் பிறவி. கொஞ்சம் கரண்டு கொடுத்தால் கொஞ்சமாகச் சுருங்குவோம் என்ற பேச்சே அதனிடம் கிடையாது. குறைவாகக் கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஏற்றிக்கொண்டே போனால் ஏதோ ஓரிடத்தில் திடீரென்று முழுசாகச் சுருங்கும். அரைச் சம்மதம் என்பதே அதற்குத் தெரியாது. வெடியக்காவின் குடும்பமும் அப்படித்தான் என்பது போகப் போகத் தெரியும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. மிஷின் தட்டும் ஒவ்வொரு தட்டும் கட்டிலுக்கு மேலே மானிட்டர் திரையில் ஒரு கோடாக விழும். கரண்டு பட்டு நெஞ்சுச் சதை குலுங்குவதில் அந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே ஒரு வளைவும் வரும். திரைக்கு என்ன தெரியும்? அதையெல்லாம் இதயத் துடிப்பு என்று எண்ணி, அழகாக எழுபது என்று எழுதிக் காட்டும். கீழே படுத்திருப்பவனின் இதயம் அசைந்தே இருக்காது. கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாலும் ஏமாறுவோம், ஏனென்றால் கழுத்துச் சதையும் சேர்ந்துதான் குலுங்கும். நெஞ்சுக்குத் தள்ளி, தொடை இடுக்கில் கையை அழுத்தி வைத்து, அங்கே ரத்தம் வந்து விரலை முட்டுகிறதா என்று பார்த்தால்தான் உண்மை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரை இப்படித்தான் பறிகொடுத்தார்கள். திரையில் எழுபது. பெரிய டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனார். வெளியே காத்திருந்த மகள்களிடம் "பயப்படாதீங்க, நல்லா ஓடுது" என்று அவர் சொல்ல, அந்தப் பெண்கள் சிரித்தும் விட்டார்கள். பெரியவரின் கால் ஜில்லிட்டுப் போயிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குப் பிறகும் மிஷின் தட்டிக்கொண்டே இருந்தது, எழுபது எழுபது என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. அந்த மகள்களின் சிரிப்பை இவள் இன்றுவரை மறக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அன்றிலிருந்து எல்லோர் மேலும் கோபப்படுகிறாள்.

அதனால் அவள் அறையில் ஒரு சட்டம். மிஷினை ஓட விட்டால் ஒரு ஆள் தொடை இடுக்கில் கையை வைக்க வேண்டும். நாடி வந்து முட்டினால் "கைக்கு வந்துருச்சு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வரும்வரை யாரும் நல்லாயிருக்கு என்ற பேச்சை எடுக்கக்கூடாது, மூச்சு விடக்கூடாது, முக்கியமாகத் திரையைப் பார்க்கவே கூடாது.

இந்தச் சட்டத்தில் அதிகம் அடிபட்டது புதிதாக வந்த சின்ன டாக்டர். மெலிந்த பெண், கண்ணாடி போட்டிருப்பாள், படித்ததெல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். ஆனால் கண் தானாகவே திரைக்குப் போய்விடும். வெடியக்கா அவளுக்கு டீவி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"என்ன படம் ஓடுது டாக்டரம்மா? சொன்னா நாங்களும் உக்காந்து பாப்போம்ல."

"இல்லக்கா, ரேட் எழுபது காட்டுது..."

"காட்டும், காட்டும். செவத்துல ஒட்டினாலும் எழுபது காட்டும். பேஷன்ட் கீழ படுத்திருக்காரு. அவரு மேல கையை வைங்க."

சின்ன டாக்டரின் காது சிவந்துவிடும். ஒருநாள் மருந்து அறைக்குள் போய் அழுததாகக்கூடக் கேள்வி. வெடியக்காவுக்கு அது தெரிந்தபோது, "அழட்டும், அழுதுக்கிட்டே கையை வெச்சாப் போதும்" என்றாள். ஈவு இரக்கம் என்று ஒன்று இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள் போலிருக்கிறது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டிலும் அது இல்லை என்பது அவளுடைய அண்ணனின் கட்சி.

அண்ணன் பஸ் டிரைவர். மீசை முளைத்த காலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன், அது நரைக்கும்வரை விடவில்லை. ஒருமுறை இவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன், குழாயைத் திறந்து வைத்தபடியே துணி மாதிரி சரிந்தான். இவள் ஓடிப் போய் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஒரு அடி அடித்தது. அடுத்த அடிக்கு அவள் காத்திருந்த நேரத்தில் குழாய்த் தண்ணீர் தொட்டி வழிந்து காலடிக்கு வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தவன் முதலில் சொன்னது, "யார்கிட்டயும் சொல்லாத."

இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தாள். மேலறைக்கும் கீழறைக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் அடுத்த மாசம் என்றான். அடுத்த மாசம் வந்ததும் அதற்கடுத்த மாசம் என்றான்.

"அதுவரைக்கும் வண்டியைத் தொடாத."

"வண்டில ஏறி உக்காந்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுடி. இன்னி வரைக்கும் ஸ்டியரிங் முன்னாடி ஒரு தடவகூட ஆனதில்ல. செத்துப்போன அம்மா மேல சத்தியம்."

"பஸ் நிறைய ஜனத்தை ஏத்திக்கிட்டு அம்மா மேல சத்தியம் பண்றியா நீ?"

கெஞ்சினாள், கத்தினாள், அண்ணியை விட்டு அழவைத்துப் பார்த்தாள். அவன் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தான். ஒருநாள் வேலைக்கு வரும் வழியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டுவரை தொங்க அண்ணன் வண்டி அவளைத் தாண்டிப் போனது. அன்றைக்கே டிப்போவுக்குப் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவனை வண்டியிலிருந்து இறக்கினார்கள். டிப்போ வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, போகிற வருகிற பஸ்ஸின் நம்பரை எழுதச் சொன்னார்கள். அன்று மாலை அண்ணன் இவள் வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"கூடப் பொறந்தவளாடி நீ? என் வயித்துல அடிச்சுட்டியேடி! ஊர்ல போற வர்றவனெல்லாம் உனக்கு என்ன மாமனா மச்சானா?"

"நீ சாகறதுன்னா தனியாப் போய்ச் சாவு. ஊரையே கூட்டிக்கிட்டுப் போகாத!"

"இனிமே உன் மூஞ்சில முழிச்சேன்னா நான் மனுஷனே இல்ல."

போனவன் போனவன்தான். பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு டாக்டரும் சரி என்றால் மறுபடி வண்டி கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். அதற்கும் அண்ணன் மசியவில்லை. வைத்துக்கொண்டால் தங்கச்சி ஜெயித்த மாதிரி ஆகிவிடுமாம். "ஓட்றதுக்கு வண்டியே இல்ல, நெஞ்சுக்குள்ள எதுக்கு எஞ்சின்?" என்றானாம். அண்ணிதான் இதையெல்லாம் ரகசியமாகப் போனில் சொல்வாள், பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் படும் பாடு பெரும்பாடு. வெடியக்கா போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போவாள். தட்டு உடையும்.

அன்றைக்கு மத்தியானம், கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணியின் குரல்தான் முதலில் கேட்டது. பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் வந்தது. டிப்போ நாற்காலியிலிருந்து விழுந்தவனை அப்படியே தூக்கி வந்திருக்கிறார்கள். சட்டைப் பையில் பேனா திறந்தபடியே இருந்து மையைக் கக்கியிருந்தது. உதடு நீலமாக இருந்தது. திரையில் கோடு நேராகப் போய், போய், போய், கடைசியில் மனமில்லாமல் ஒரு அடி.

வெடியக்காவின் கைகள் அவளைக் கேட்காமலே வேலை பார்த்தன. சட்டையைக் கத்தரியால் கிழித்தாள். நெஞ்சு முடியை மழித்தாள், வியர்வையைத் துடைத்தாள், பட்டைகளை ஒட்டினாள், ஓரம் தூக்காமல் உள்ளங்கையால் அழுத்தினாள். வாய் மட்டும் நிற்கவில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா? கேட்டியா நீ? மூளை இருக்கா உனக்கு?" கேட்க வேண்டியவன் கண் செருகிக் கிடந்தான்.

சின்ன டாக்டர் மருந்து ஏற்றிப் பார்த்தாள், பலன் இல்லை. மிஷினை ஓட விட்டார்கள். கரண்டு ஏறியது. அண்ணனின் தோள் குலுங்கியது, நெஞ்சு குலுங்கியது. திரையில் வரிசையாகக் கோடு விழுந்தது, ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு வளைவு. எண் மாறி மாறி வந்து எழுபதில் நின்றது.

வெடியக்கா அண்ணனின் கழுத்தில் விரலை வைத்தாள். கழுத்து துள்ளியது.

"பிடிச்சிருச்சு!" என்றாள். "அண்ணி, பிடிச்சிருச்சு! துடிக்குது, கழுத்துல துடிக்குது. பயப்படாதீங்க அண்ணி, நல்லா ஓடுது!"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

"அக்கா." சின்ன டாக்டர் தொடை இடுக்கில் கையை வைத்துக் குனிந்திருந்தாள். "கைக்கு வரல அக்கா."

"வராம என்ன? நல்லா அழுத்திப் பாருங்க."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன். வரல."

"கண்ணு தெரியுதா உங்களுக்கு? எழுபது! திரையைப் பாருங்க டாக்டரம்மா, எழுபது காட்டுது! திரையைப் பாருங்க!"

அறையில் இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளி வந்தவன்கூட வாயைப் பிளந்து நின்றான். சின்ன டாக்டரின் காது சிவந்தது. ஆனால் அவள் தலை நிமிரவில்லை, கை நகரவில்லை.

"நான் திரையைப் பாக்க மாட்டேன் அக்கா. நீங்க கழுத்திலிருந்து கையை எடுங்க. கரண்டை ஏத்துங்க."

வெடியக்காவுக்கு அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. ஒரு கணம்தான். அதற்குள் தன் விரல் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். கழுத்து. எந்த இடத்தில் விரல் வைத்ததற்காக யார் யாரையோ கிழிகிழி என்று கிழித்தாளோ, அதே இடத்தில் அவளுடைய விரல். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அண்ணி சிரித்த முகத்தோடு நிற்கிறாள். அந்தப் பெரியவரின் மகள்கள் இப்படித்தான் நின்றார்கள்.

கையைப் பிடுங்கிக்கொண்டு மிஷினுக்குப் போய்க் கரண்டுக் குமிழைப் பிடித்தாள். திருகினாள்.

"வரல."

திருகினாள். அண்ணன் உடம்பு தூக்கிப் போட்டது.

"வரல அக்கா. இன்னும்."

அண்ணனுடைய நெஞ்சுக்குள் இருக்கும் அந்தப் பிடிவாதம் பிடித்த சதையை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. எத்தனை பேர் கெஞ்சியும் அசையாதவன். செத்தாலும் சாவேனே தவிரத் தங்கச்சி பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறவன். "சுருங்குடா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அண்ணனை அவள் வாழ்நாளில் டா போட்டதில்லை. "சுருங்கித் தொலைடா!" இன்னொரு திருகு.

சின்ன டாக்டரின் முகம்தான் முதலில் மாறியது. அவள் உடனே சொல்லவில்லை. இன்னும் இரண்டு மூன்று அடி விரலில் முட்டும்வரை பொறுத்தாள்.

"கைக்கு வந்துருச்சு."

வெடியக்கா ஓடி வந்து அந்தக் கைக்குப் பக்கத்திலேயே தன் கையையும் வைத்தாள். வந்தது. மிஷின் தட்டத் தட்ட, ஒன்று விடாமல், வந்து வந்து முட்டியது.

ரத்தம் தலைக்கு ஏறியதும் அண்ணனுக்கு நினைவு திரும்பியது. நினைவு திரும்பியவனுக்கு ஒவ்வொரு தட்டும் நெஞ்சில் விழும் உதைதான். கண்ணைத் திறக்காமலே கத்தினான்.

"யாருடா... யாருடா அது... நெஞ்சுல உதைக்கிறது?"

"நான்தான்" என்றாள் வெடியக்கா.

"நெனச்சேன்."

வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, மேலே கொண்டுபோய் ரத்தக்குழாய் வழியாக உள்ளே வயரை இறக்கி, தோல் மேலிருந்து தட்டுவதை நிறுத்தினார்கள். அதற்குள் மாலையாகிவிட்டது. வெடியக்கா கை கழுவும் இடத்தில் சின்ன டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் டாக்டரம்மா, நான் கத்தினப்பவே என் கையைத் தட்டி விடறதுக்கு என்ன? அக்கா கிக்கான்னு மரியாதை கொடுத்துக்கிட்டு நிக்கிற நேரமா அது? என்னைப் புடிச்சு வெளிய தள்ளியிருக்கணும்!"

"தள்ளியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட மாட்டேன். அதுக்காகத் தள்ளாம இருப்பீங்களா?"

சின்ன டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நன்றி சொல்லத்தான் வெடியக்கா அவளைப் பிடித்தாள், அது மட்டும் வரவில்லை. கடைசியில், "போய் எதையாவது சாப்பிடுங்க, ஊதினா பறந்துருவீங்க போல" என்று அதட்டிவிட்டுப் போனாள். மறுநாள் முதல் அறையின் சட்டத்தில் இன்னொன்று சேர்ந்தது. கட்டிலில் படுத்திருப்பவருக்குச் சொந்தக்காரர் யாராவது அங்கே வேலை பார்த்தால், அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்தாவது வெளியே தள்ள வேண்டும். முதலில் தள்ள வேண்டிய ஆள் நான்தான் என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். டீவி என்ற பெயரை அப்புறம் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

பேஸ்மேக்கர் வைக்கச் சம்மதமா என்று பெரிய டாக்டர் கேட்டதற்கு, "எதையாவது வெச்சுத் தொலைங்க, அவ கையால இன்னொரு தடவ உதை வாங்க என்னால முடியாது" என்றானாம் அண்ணன்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. தோள் எலும்புக்குக் கீழே தையல் போட்ட இடத்தில் ஒட்டுத்துணி. அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள். வெடியக்கா வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அதான் திரையில எல்லாம் தெரியுதே. கையை வேற எதுக்குப் புடிக்கிற?"

"அதை நான் நம்ப மாட்டேன்."

"என்னையும்தான் நம்பல. நேராப் போய் டிப்போல வத்தி வெச்ச."

"ஆமா, வெச்சேன். நாளைக்கே திரும்ப அப்படி ஒண்ணு வந்தாலும் போய்ச் சொல்வேன். வேணும்னா இப்பவே கத்து, கேட்டுக்கறேன்."

அவன் கத்தவில்லை. ஒட்டுத்துணியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"நீ போய்ச் சொன்ன வாரம்" என்றான் பிறகு, யாரையோ திட்டுகிற குரலில். "பாலத்துல ஏறினது தெரியும். இறங்கினது தெரியல. கண்ணைத் தொறந்தா வண்டி ஸ்டாப்புல நிக்குது. ஜனம் பாட்டுக்கு இறங்கிப் போகுது. ஒரு பொம்பள கொழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, வர்றேன் டிரைவரேன்னு சொல்லிட்டுப் போகுது. எவன் ஓட்டினான், எவன் பிரேக்கை அழுத்தினான், எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது."

வெடியக்கா போட்ட சத்தத்தில் வார்டே அதிர்ந்தது.

"பாவி! இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா என் வாசல்ல வந்து அந்தக் கத்துக் கத்தின? அம்மா மேல சத்தியம் பண்ணினியே! இத்தனை நாளா என்னை... என்னைத் தூங்கவிடாம... அண்ணன் சோத்துல மண்ணைப் போட்டுட்டேனோன்னு நான் செத்து செத்து..."

"அதான் இப்ப சொல்லிட்டேன்ல" என்று அவனும் கத்தினான்.

சின்ன டாக்டர் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "அக்கா, பேஷன்ட் முன்னாடி கத்தக்கூடாது."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க!" என்று அண்ணனும் தங்கச்சியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

திரைச்சீலை மூடிக்கொண்டது. வெடியக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எண்ணிக்கொண்டிருந்த நாடி எங்கேயோ தப்பிப் போயிருந்தது. அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.